விழுகிற சீனை நான் எடுத்த விதம்

கல்யாண வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்ன ஸ்டூடியோ. இந்தத் தொழிலில் இருக்கிற முக்கால்வாசிப் பேரைப் போல எனக்கும் சினிமாக் கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்கில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் இதில் பெரிய தப்பே, அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாற்பது நிமிஷத்துக்கு ஒரு நகைச்சுவைப் படம் எழுதினேன். வாசிக்க முடியாமல் போன ஒரு வாத்தியக்காரனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிற கதை. கதையை நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. எங்கள் ஊர் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிற ஓர் அண்ணன் இருந்தார். நானும் அவரும் பல கல்யாண ஊர்வலங்களில் சேர்ந்தே நடந்திருக்கிறோம். அவர் ஊதிக்கொண்டே முன்னால் வருவார், நான் கேமராவோடு பின்னாலேயே நடப்பேன். ஒருநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளிக்கும்போது அவருக்கு வாயில் தண்ணீர் நிற்கவில்லை. முகவாதம். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. டிரம்பெட்டுக்கு உதடுதான் எல்லாம். அந்த உதடே பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வது?

மூன்று வருஷம். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள். ஊதினார். முகம் நேரானதும் எரியோடு என்கிற ஊர்ப் பக்கம் மச்சினன் தோட்டத்துக்குப் போய், கிணற்று மேட்டில் நின்று ஆடுகளைத் தவிர யாரும் கேட்காத இடத்தில் முதலிலிருந்து ஸ்வரம் பிடித்துப் பழகினார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய் வாசித்துக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பழைய வாசிப்பு அப்படியே திரும்பியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. புல்லரித்த கையோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன், பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

நகைச்சுவைப் படத்துக்குத் திரைக்கதை அமைப்பது ரொம்ப லேசு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோ சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். ஆரம்பத்தில் ஆள் கெத்தாக இருக்கிறான். கோடு மெதுவாகக் கீழே இறங்குகிறது. நட்டநடுவில் அடிமட்டம், ஊரே பார்த்துச் சிரிக்க விழுகிறான். அதுதான் இடைவேளை. அப்புறம் கோடு மேலே ஏறி, கடைசியில் அதே மேடை, அதே கூட்டம், அதே பாட்டு. சிரித்த அதே ஆட்கள் எழுந்து கை தட்டுகிறார்கள். எவ்வளவு ஆழத்தில் விழுகிறானோ அவ்வளவு உயரத்துக்கு எழுந்த மாதிரித் தெரியும், அதனால் விழுகிற சீனில் கஞ்சத்தனமே கூடாது என்பது என் கட்சி.

அந்த சீனுக்கு உண்மையான சிரிப்பு வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஆள் பிடித்து உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னால் அத்தனை பேரும் பற்பசை விளம்பரம் மாதிரி இளிப்பார்கள். கல்யாண வீட்டுச் சிரிப்பையே பார்த்துப் பார்த்துக் காலம் தள்ளியவன் நான். எனக்குப் பொய்ச் சிரிப்பு ஆகாது. அந்த நேரம் பார்த்து என் சிநேகிதன் ஒருவனுக்குக் கல்யாணம். வீடியோ என்னுடையது. பேண்டு செட் அந்த அண்ணனுடையது. மூன்று வருஷம் கழித்து அவர் வாசிக்கப்போகிற முதல் கல்யாணம் அது. மாப்பிள்ளையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, அண்ணனிடம் போனேன்.

"அன்னைக்கேவா தம்பி?" என்றார். "மொத நாளுப்பா. ஊர்ல அம்புட்டுப் பேரும் வருவாக. இவன் வாய் சரியாயிருச்சான்னு பாக்கத்தான் பாதிப் பேரு வருவான். அடுத்த கல்யாணத்துல வச்சுக்கிருவோமே."

"அண்ணே, மாப்ள நம்ம பய. அதனால ஒத்துக்கிட்டான். அடுத்த கல்யாணத்துல எவன் விடுவான்?"

"வேணும்னே தப்பா வாசிக்கிறது லேசுன்னு நெனைக்கிறியா? இந்த வாயி இப்பத்தான் தப்ப மறந்துக்கிட்டு வருது."

நான் விடவில்லை. முதலில் சொதப்புகிறீர்கள், அரைமணி நேரம் கழித்து அதே கூட்டத்தின் முன்னால் அதே பாட்டை முழுசாக வாசிக்கிறீர்கள், சனம் எழுந்து கை தட்டுகிறது, நான் மைக்கில் இது சினிமாவுக்காக என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். சாதாரணமாகத் திரும்பி வருவதைவிட இப்படித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றேன். வாய் இருக்கிறதே எனக்கு, அதில் சர்க்கரையைக் கொட்டித்தான் வைத்திருக்கிறேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டாவது கண்டிப்பா உண்டுல்ல தம்பி?"

"சத்தியமாண்ணே."

கல்யாணத்தன்று புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். மதினியும் வந்திருந்தார், அவருடைய மனைவி. முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மண்டபத்தில் ஐநூறு பேர் இருப்பார்கள். மேடைக்குக் கீழே பேண்டு செட். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டு. முதல் இரண்டு வரி சுத்தமாக வந்தது. மூன்றாவது வரியில் மேலே ஏறுகிற இடத்தில், நாங்கள் பேசி வைத்தபடி, உதட்டைத் தளரவிட்டார். கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. பெரியவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் ஸ்கிரிப்டில் மூன்று தடவை என்று எழுதியிருந்தேன். மூன்றாவது தடவை உடைந்தபோது மண்டபமே அதிர்ந்தது. நான் கேட்ட சிரிப்பு, உண்மையான சிரிப்பு, அள்ள அள்ள வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது கேமராப் பையனிடம் கூட்டத்தை எடு, கூட்டத்தை எடு என்று சைகை காட்டினேன்.

அப்போதுதான் பெண்ணுடைய தாய்மாமன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள், பூட்டு வியாபாரம். எனக்கு ஒன்று தோன்றவேயில்லை. இத்தனை கல்யாணம் பார்த்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தாலி ஏறிய மேடைக்கு முன்னால் மங்கள வாத்தியம் மூன்று தடவை உடைந்தால் பெண் வீட்டாருக்கு அது சிரிப்பா? பெண்ணைப் பெற்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மாமன் கத்தினார்.

"நல்ல காரியத்துல என்னய்யா இது அபசகுனம்? மொதக் கோணல் முத்துங் கோணல்ம்பாக. மூஞ்சி இழுத்துக்கிட்டவன எவன்யா இங்க கூட்டியாந்தது? போதும், பொட்டியக் கட்டுய்யா!"

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் டிரம்பெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சத்தியம் செய்தவன் நான் அல்லவா, நான் சொல்வேன் என்று நின்றார். மேடையில் மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். மைக் என்னிடமிருந்து நாலடி தூரத்தில் ஸ்டாண்டில் நின்றது. "இவரைத் தப்பாக வாசிக்கச் சொன்னது நான்." இவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம்.

நான் ஜூம் செய்தேன்.

அந்த முகத்தை விட மனசு வரவில்லை. எந்த நடிகனிடமும் வாங்க முடியாத முகம். கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது, விழவில்லை; சரியாகிப்போன கன்னம் லேசாகத் துடிக்கிறது. பின்னால் ஒரு குறும்பட விழாவில் என் படத்தைப் பார்த்த ஒருவர், "அந்த முகத்தை எப்படி சார் நடிக்க வச்சீங்க?" என்று கேட்டார். "நிறைய ரிகர்சல் சார்" என்று சொன்ன புண்ணியவான் நான்தான்.

மதினி நாற்காலிகளுக்கு நடுவே வேகவேகமாக வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும், அண்ணன் சொல்லியிருந்தார். "தம்பி, சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாத்தான நம்புவாக" என்றார். நான் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். "ஒரு நிமிஷம் மதினி." என் உடம்பில் எதையாவது வெட்டி எறியலாம் என்றால் அந்த விரலைத்தான் எறிவேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பேண்டு செட் ஆட்கள் பெட்டியைக் கட்டினார்கள். அண்ணன் வாசல் பக்கம் போகும்போது பின்னாலேயே ஓடி, "கிளைமாக்ஸ தனியா எடுத்துருவோம்ணே, இத விட ஜோரா" என்றேன். "சரிப்பா" என்றார். மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே அந்த மாமன் கடைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? எங்கள் வீட்டுக் கல்யாணத்தை வைத்து சினிமா எடுத்தாயா என்று என்னைச் சும்மா விடமாட்டார். அவருடைய சாதிசனத்தில் ஒரு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். என் பிழைப்பு போகும். ஆகவே அண்ணனுடைய பிழைப்பு போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதை இப்படிப் பச்சையாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. படம் வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று மழுப்பிக்கொண்டேன்.

வாசிப்பு சரியில்லை என்று பேர் எடுத்தால்கூட மறுபடி வாசித்துக் காட்டி மீண்டுவிடலாம். சகுனம் சரியில்லை என்று பேர் எடுத்தால் வாசிக்கவே விடமாட்டார்கள். அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்களும் கைவிட்டுப் போயின. அதற்குப் பிறகு அவரை எழவு வீடுகளுக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

கிளைமாக்ஸை ஆடி மாதத்தில் வைத்தேன், அப்போதுதான் மண்டபம் சும்மா கிடக்கும். ஒரு வேன் நிறைய முப்பது பேரைக் கூட்டி வந்து, பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டி முன்வரிசைகளில் உட்கார வைத்தேன். அண்ணன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே சட்டை வேண்டும் என்று சொல்லியிருந்தேன். துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார். மதினி வரவில்லை. அண்ணன் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எத்தன பேரு தம்பி?"

"முப்பதுண்ணே. படத்துல பாத்தா ஐநூறு பேரு மாதிரி இருக்கும்."

"படத்துல பாக்குறவுகளுக்குச் சரிப்பா. அன்னைக்கி இங்க உக்காந்து பாத்தவுகளுக்கு?"

நான் சுவரில் போட்டிருந்த கோட்டில் இருந்த ஓட்டை அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சினிமாவில் முதல் பாதியைப் பார்த்தவன் இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து இரண்டாம் பாதியையும் பார்க்கிறான். ஊரில் அப்படி இல்லை. விழுந்ததைப் பார்த்தவன் வீட்டுக்குப் போய்விடுகிறான், அவனுக்குப் படம் அதோடு முடிந்தது.

அவரே மறுபடி பேசினார், கெஞ்சுகிற மாதிரிகூட இல்லை, ஒரு நாற்காலி கேட்கிற மாதிரி. "எல்லாரும் வேணாம் தம்பி. அந்தத் தாய்மாமன், அவர ஒருத்தர மட்டும் கூட்டியா. ஒரு ஓரமா உக்காந்து கேக்கட்டும். அவரு ஒரு வார்த்த சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அவரு ஊர்ல இல்லண்ணே, பழனிக்குப் போயிருக்காராம்" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு அந்த மனிதர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"அப்பிடியா. சரிப்பா" என்றார்.

வாசித்தார். ஐயோ, என்ன வாசிப்பு! மேலே ஏறுகிற அந்த இடத்தில் துளி நடுக்கம் இல்லை. நான் கையைத் தூக்கியதும் முப்பது பேரும் எழுந்து தட்டினார்கள். இன்னொரு கோணத்துக்காக இன்னொரு தடவை கேட்டேன். முகம் சுளிக்காமல் இன்னொரு தடவையும் அதே மாதிரி வாசித்தார். சாப்பாட்டுக்கு இருங்கள் என்றேன். ஒரு எழவு வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டு டிரம்பெட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நான் பஸ்ஸ விட்டு எறங்கி வாரப்ப அந்தத் தாய்மாமன் கடை வாசல்லதான் நின்னாரு தம்பி. வணக்கம் வச்சேன். என்னயப் பாத்ததும் விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

என் ஸ்டூடியோவிலிருந்து அந்தப் பூட்டுக் கடைக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. படம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது; வெளியூர் விழாக்களில் ஓடியதோடு சரி, எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை. நான் இன்னும் போகவில்லை. அங்கே போய் நிற்பதைவிட இதை எழுதுவது எனக்கு லேசாக இருந்தது.