மூன்றாவது புலியின் அப்பாவுக்கு

அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு போனவர் நீங்கள்தான். உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. உங்கள் பையன் அன்றைக்குப் புலி வேஷம் போட்டிருந்தான் என்பது மட்டும் தெரியும். "காப்பி போட்டுட்டு நாளைக்கே கொண்டாந்து தர்றேன்" என்றீர்கள். அந்த நாளை இன்னும் விடியவில்லை. நீங்கள் செய்தது அநியாயம். முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்; பாழாய்ப்போன முகம்தான் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

மற்றவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தில் கோடை விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று வெயில், இன்னொன்று 'ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்கிற ஆள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஷார்ஜாவுக்கு சிமெண்ட் மூட்டை தூக்க வந்து, ஃபோர்மேனோடு மல்லுக்கு நின்று வெளியே வந்து, மூடப்போன ஓட்டல் ஒன்றில் நாற்பது நாற்காலிகளை அடித்துப் பேசி வாங்கித் தொழில் தொடங்கியவன். ஜூலை, ஆகஸ்டில் இங்கே வெளியில் ஈ காக்காய் பறக்காது. நடப்பதெல்லாம் நாலு சுவருக்குள்தான்: கேம்பில் கேரம், ஹாலில் பட்டிமன்றம், பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. அந்த வெயிலில் என்னோடு சேர்ந்து வெந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஆறாத நாற்காலி

தொழிலுக்குப் புதுசு. நாலு மணி விழாவுக்கு இரண்டு மணிக்கே இரும்பு நாற்காலிகளைத் திறந்த பிக்கப்பில் அடுக்கி வெயிலில் நிறுத்திவிட்டு, நிழலில் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு நடை மிச்சம் என்று கணக்கு. கடைசி நிமிடத்தில் ஹாலுக்குள் கொண்டுபோய் விரித்துப் போட்டேன். சிறப்பு விருந்தினர் வந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அவர் இறைவணக்கத்துக்குத்தான் எழுந்தார் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பாட வேண்டிய பெண்ணும் பதறிப்போய்ப் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிந்தும் ஒருத்தரும் உட்காரவில்லை. சங்கச் செயலாளர் மைக்கில் "அனைவரும் அமரலாம்" என்று மூன்று தடவை சொன்னார். விருந்தினர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக் காதோடு சொன்னார்: "தீமிதியே தேவலாம் தம்பி. அதுல நடந்து போயிறலாம், உக்காருன்னு சொல்ல மாட்டாங்க."

கம்பளி

ஜெபல் அலியில் ஒரு லேபர் கேம்ப். வெள்ளிக்கிழமை கேரம் போட்டி. பரிசு வாங்கித் தருகிற பொறுப்பும் என் தலையில். தேரா பக்கம் ஒரு கடையில் குளிர்காலத்தில் விற்காமல் கிடந்த கம்பளிகளைப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதத்தில் கம்பளி கேட்கிறவனை அந்தக் கடைக்காரன் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டான். ஒன்றின் விலைக்கு மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கேம்பில் ஏசி படுத்துவிட்டது. விளையாடுகிறவன் வியர்வை சொட்டிச் சொட்டிப் பலகையில் காய் நகரவில்லை. கடைசியில், கம்பெனி பஸ் டிரைவரைக் கெஞ்சி ஏசியைப் போடச் சொல்லி, பஸ்ஸுக்குள்ளேயே பலகையை வைத்து ஃபைனல் நடந்தது. மற்ற எல்லாரும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஜெயித்தவர் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிற வேலை. அவர் கையில் கம்பளியைக் கொடுக்கும்போது, இந்த வெயிலில் இது யாருக்கு என்று சண்டைக்கு வருவார் என நினைத்து, திருப்பிக் கொடுக்கத் தோதாக ஒரு வார்த்தையை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் பிரித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, பழைய மடிப்பு மாறாமல் மடித்தார்.

"நல்லாருக்குண்ணே. மார்கழிக்கு முன்னால யாராச்சும் ஊருக்குப் போனா குடுத்து விட்டுருவேன். அவ சேலையத்தான் போத்திக்கிட்டுப் படுப்பா."

ஆண்கள் போட்ட கோலம்

ஒரு வருஷம் கோலப் போட்டி வைத்தார்கள். நோட்டீஸ் அடித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்: ஆகஸ்டில் ஷார்ஜாவில் பெண்கள் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பங்கள் ஊருக்குப் பறந்துவிடும். ஆம்பளைகள் மட்டும் முட்டையை வேகவைத்துக்கொண்டு கிடப்பார்கள். பேர் கொடுத்த பெண்கள் இரண்டே பேர். வாடகைக்கு அட்வான்ஸ் வாங்கியவன் நான். ரத்து என்று சொன்னால் திருப்பிக் கேட்பார்களே! "ஆம்பளைங்க போடக்கூடாதுன்னு எங்கய்யா எழுதியிருக்கு?" என்று மைக்கில் கத்தினேன். பதினொரு பேர் எழுந்து வந்தார்கள்.

சர்வேயர் ஒருவர் டேப் பிடித்து அளந்து புள்ளி வைத்தார். இன்னொருவர் ஊருக்குப் போன் போட்டு, கார்டில் காசு கரையக் கரைய, மனைவி சொல்லச் சொல்லக் கோடு இழுத்தார். மூலையில் ஒருத்தர் யாரிடமும் கேட்காமல் ஒரு சின்னக் கோலம் போட்டார். கோணல்தான், ஆனால் ஒரு இடத்திலும் கை நிற்கவில்லை. "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன். பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க கத்துக்கிட்டேன்? எட்டு வருஷம் தினமும் இதை மிதிச்சுக்கிட்டுத்தான் சார் வண்டிய எடுத்தேன்."

பாதி டிக்கெட், காலி ரூம்

எனக்கும் குடும்பத்தோடு ஒரு கோடை வந்தது. எல்லாரும் ஊருக்குப் போகிற மாதத்தில் ஊரிலிருந்து வருகிற விமானம் காலியாகக் கிடக்கும். பாதி விலைக்கு டிக்கெட் கிடைக்கும். லீவில் போகிற குடும்பம் தன் ரூமைத் தெரிந்தவனிடம் விட்டுவிட்டுப் போகும்: செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னைப் போன்றவன் பெண்டாட்டி பிள்ளையைக் கண்ணால் பார்க்க அது ஒன்றுதான் வழி, இல்லையா? மகள் கௌசிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் மட்டம் போட வைத்து, விசிட் விசாவில் அவளையும் மனைவி செல்வியையும் வரவழைத்தேன்.

வந்தவர்களோடு நான் உட்கார்ந்தது குறைவு. கோடைதானே எனக்கு சீசன். ரூமில் இருக்கும்போதும் போனில்தான் இருப்பேன். காதில் பென்சில், ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன், வாயில் "கடைசி ரேட்டு சொல்லுங்க." கௌசி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வந்த மூன்றாம் நாள், நான் தூங்குகிறேன் என்று நினைத்து, அப்பா ஏன் எப்பவும் எல்லார்கூடவும் சண்டை போடுகிறது என்று அம்மாவிடம் கேட்டாள். செல்வி சொன்னது எனக்குக் கேட்டது:

"சண்டை இல்லடி. அதான் உங்கப்பா வேலை."

அரை மணி நேரம்

அவர்கள் திரும்பிப் போக ஒரு வாரம் இருந்தபோது, ஊருக்குப் போகாத பிள்ளைகளுக்கும் கௌசி மாதிரி விசிட்டில் வந்த பிள்ளைகளுக்கும் மாறுவேடப் போட்டி. நாற்காலியும் மைக்கும் என் பொறுப்பு. மைக் செட் என் கூட்டாளி அப்பாஸ் பாயுடையது. காயல்பட்டினத்துக்காரர், என் கோபத்தைச் சகித்துக்கொள்கிற ஒரே மனிதர். காலையில் செல்வி, "கடைசி அயிட்டத்த மட்டும் பாத்துருங்க" என்றாள். சரி என்றேன். ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். அஞ்சே முக்காலுக்கு மேடையில் இன்னும் பாதி சாமிகளும் தலைவர்களும் காய்கறிகளும் வரிசையில் நிற்கிறார்கள். காவல்காரர், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், விளக்கை அணைக்கப்போகிறேன் என்று வாசலில் வந்து நின்றார்.

வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பேரத்தை ஆரம்பித்தேன். அரை மணி நேரம் கூட வேண்டும், அதுவும் சும்மா வேண்டும். எனக்குத் தெரிந்த இந்தியில் பாதி கெஞ்சல், பாதி அதட்டல். அவர் அசையவில்லை, நானும் அசையவில்லை. ஆறு மணி தாண்டியது, ஆறே கால் ஆனது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே அந்த அரை மணியைத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் என் தந்திரம். உள்ளே திடீரென்று கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரிப்பு. கொஞ்சம் அடங்கி, மறுபடியும் சிரிப்பு. நான் கதவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காவல்காரர்தான் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார்.

"எடுத்துக்கோ பாய் உன் அரை மணியை. உள்ளே எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் எதுக்கு இங்க நின்னு கத்திக்கிட்டு இருக்க?"

புலியும் கேசட்டும்

ஜெயித்த தெம்போடு உள்ளே போனேன். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வியையும் கௌசியையும் பக்கத்து ரூம் குடும்பம் காரில் கூட்டிப் போய்விட்டது. வீடியோ எடுத்த மலையாளிப் பையன் என் கையில் ஒரு சின்னக் கேசட்டை வைத்து, "ஒரிஜினல் இது ஒண்ணுதான் சேட்டா, பத்திரம்" என்றான். ஒன்று மட்டும் இருந்ததற்குக் காரணம் நான்தான். இன்னொரு காப்பிக்குக் கொஞ்சம் கூடக் கேட்டிருந்தான். ஒன்று போதும் என்று மறுத்துவிட்டேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பக்கத்தில் வாலைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, வியர்வையில் கோடெல்லாம் கரைந்த உங்கள் புலி. தாத்தாவுக்கு அனுப்ப வேண்டும், காப்பி போட்டுவிட்டு நாளைக்கே தருகிறேன் என்றீர்கள். என்னிடமிருந்து ஒரு ஒற்றை நாற்காலி வெளியே போனால்கூடப் பத்தாக்கா, அதுதான் அந்த அடையாள அட்டை, அதில் ஒரு காப்பி வாங்காமல் விட மாட்டேன். அன்றைக்குக் காவல்காரர் வாசலில் நிற்கிறார், பிக்கப்பில் பாதி ஏறியாகிவிட்டது. "எடுத்துட்டுப் போங்க, வழிய விடுங்க" என்றேன். இவ்வளவுதான் நமக்குள் நடந்தது.

பிக்கப் பாதி வழி வந்தபோது அப்பாஸ் பாய் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். என்ன என்றேன். கடைசி அயிட்டம் கௌசி என்றார். பேர் கொடுத்தது அவர், ரகசியமாக வைத்தது செல்வி. என் சட்டை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியதாம். காதில் என் பென்சில். தலையில் ஒரு நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்து இறக்கி, அதில் ஏறி நின்று, கையைப் போனாக்கிக் காதில் வைத்து, "கடைசி ரேட்டு சொல்லுங்க, இல்லாட்டி நாற்காலியத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்று கத்தினாளாம். அதற்குத்தான் முதல் சிரிப்பு.

"அப்ப ரெண்டாவது சிரிப்பு?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கீழ இறங்காம, 'எங்கப்பா எங்க'ன்னு மைக்குலயே கேட்டு, கூட்டத்துல தேடிச்சு வே. அதுவும் நடிப்புன்னு நெனச்சு நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம்."

மூன்று புலிகள்

அந்த அரை மணியை நான் யாருக்காக வாங்கினேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். நாலு நாள் பொறுத்தும் நீங்கள் வரவில்லை என்றதும் பதிவு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் வேஷமும் போன் எண்ணும்தான் இருந்தன, புலி மட்டும் மூன்று. முதல் புலி வீட்டில் டீ கொடுத்தார்கள். இரண்டாவது புலி வீட்டில், கதவைத் தட்டிய தட்டலுக்கு என்னைத் திட்டினார்கள், அது நியாயம். மூன்றாவது எண்ணில் பெண் குரல் ஒன்று, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னது. தோஹாவுக்கு வேலை மாறிப் போனவராக இருக்கும் என்றார் ஒருவர், தம்மாமுக்கு என்றார் இன்னொருவர். அன்றிலிருந்து எந்தக் கோடை விழாவில் நாற்காலி போட்டாலும், மைக் சோதிக்கிற சாக்கில் உங்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஒரு அம்மா கீழே இருந்து குரல் கொடுத்தார்கள், "புலியெல்லாம் இப்ப காலேஜ் போயிருக்கும், விடுங்கண்ணே."

எப்படி விடுவது? அதற்கப்புறம் செல்வியும் கௌசியும் இங்கே வரவில்லை. மகளுக்கு லீவு மே மாதம், எனக்கு சீசன் ஜூலை, ஆகஸ்ட். நான் ஊருக்குப் போவது குளிர்காலத்தில், அவளுக்குப் பரீட்சை நேரத்தில். இப்போது பத்தாவது படிக்கிறாள். வெள்ளிக்கிழமை போனில் நல்லாயிருக்கேன், சாப்பிட்டேன், அம்மாகிட்ட குடுக்கிறேன், மூன்றே வாக்கியம். போன வாரம் வெட்கத்தை விட்டு, அன்றைக்கு மேடையில் பேசியதை ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா. நாற்காலி மட்டும் ஞாபகம் இருக்கு. ரொம்பக் கனமா இருந்துச்சு."

ஆகவே மூன்றாவது புலியின் அப்பாவே, நீங்கள் தோஹாவில் இருந்தாலும் தம்மாமில் இருந்தாலும் சரி, உங்கள் புலியை நீங்களே வைத்துக்கொண்டு கேசட்டின் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், என் ஆயுளில் முதல் தடவையாக எதிராளி சொல்கிற ரேட்டையே கடைசி ரேட்டாக ஒத்துக்கொள்கிறேன்.