காசு வந்தால் மட்டும் செல்லும் கடிதம்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டேன். கட்டிட வேலையைக் கொந்திராத்து எடுத்துச் செய்யும் ஒருவனுக்கு இந்தக் குணம் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான், நல்ல நேரம் வந்து குறுக்கே நிற்காத வரைக்கும்.

முதல் தரம் நான் மாட்டுப்பட்டது நெல்லியடிப் பக்கம் ஒரு வீட்டில். அத்திவாரம் முடிந்து வாசல் நிலை வைக்கிற நாள். ஐயர் வந்துவிட்டார், நிலைக்குச் சந்தனம் பூசியாயிற்று. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஒரு கடிதத்தை நீட்டினார். அத்திவாரத்துக்கான முழுக் காசும் பெற்றுக்கொண்டேன், இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு ஒரு சதமும் வந்திருக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் வங்கி வீட்டுக் கடனில் ஒரு பகுதியை விடும், விட்டவுடன் தருகிறேன் என்றார்.

வாசித்தேன். விளங்கியது. அப்படியும் கையெழுத்து வைத்தேன். நிலை வைக்கிற வேளையில் காசுக்கதை கதைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேசனே தரித்திரத்தைக் கூட்டிவந்தான் என்று ஒரு பெயர் வந்தால் அடுத்த வீடு எவர் தருவார்? வங்கி காசை விட்டது. அது எங்கே போனதோ, என்னிடம் வரவில்லை. கேட்கப் போனால் என்னுடைய கையெழுத்தையே எனக்குக் காட்டினார். கொங்கிறீட் கலக்கிற மெசினை விற்றுத்தான் ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன்.

கனடாவில் கட்டிட வேலை செய்யும் என் அண்ணைக்கு ஃபோனில் இதைச் சொல்லி ஒப்பாரி வைத்தேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, ஏசினார்.

"உனக்கு விசரோ? இஞ்சை ஒவ்வொரு செக்குக்கும் ரெண்டு கடிதம். முதல் கடிதத்திலை, காசு கைக்கு வந்தால்தான் இது செல்லும் எண்டு ஒரு வரி இருக்கும். செக் மாறின பிறகுதான் ரெண்டாவது. அதிலை மட்டும்தான் எல்லாம் கிடைச்சது எண்டு எழுதுவம்."

"இஞ்சை அப்பிடிக் கேட்டால் கோவிப்பினம் அண்ணை."

"கோவிக்கட்டும். கோவத்தைக் கொண்டுபோய்க் கூலி குடுக்கேலாது, கோவம் வராமல் இருக்கிறதைக் கொண்டுபோயும் குடுக்கேலாது."

அடுத்த வீடு சண்டிலிப்பாயில் கிடைத்தது. ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர் மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு. கலியாண நாளும் வைத்துவிட்டார்கள். மாஸ்டர் நல்ல மனிதர், என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்றுதான். அதுதான் பயமாக இருந்தது. கெட்ட மனிதரிடம் காசு கேட்பது சுகம்.

அத்திவாரத்துக்கு வேண்டிய கம்பியும் சீமெந்தும் என் பொறுப்பில் கடைக்காரரிடம் கடனாக எடுத்தவை. ஐந்து ஆட்களின் கூலி மூன்று கிழமையாக நிற்கிறது. இந்தக் காசும் போனால் விற்க இனி மெசினும் இல்லை.

நிலை வைக்கிற நாள் வந்தது. வங்கியிலிருந்து வேலையைப் பார்க்க அதே காலையில் ஆள் வருகிறதாம். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதே வசனங்கள், எழுத்துத்தான் அழகாக இருந்தது.

"தம்பி, உதிலை ஒரு கையெழுத்தை வையும். நேரம் போகுது."

"ஒரு வரி எழுதிப்போட்டு வைக்கட்டோ மாஸ்டர்?"

"என்ன வரி?"

சொன்னால் வாய் குழறும் என்று பேனையை வாங்கி எழுதினேன். 'இந்தக் காசு என்னுடைய கணக்கில் வந்து சேர்ந்தால் மட்டும் இக்கடிதம் செல்லும். சேராவிட்டால் செல்லாது.' அதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தேன்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் கறுத்தது.

"முப்பது வருசம் படிப்பிச்சனான். ஒருத்தரும் எனக்கு உப்பிடி எழுதித் தரேல்லை. நீர் என்னை நம்பேல்லையோ?"

"உங்களை நம்பிறன் மாஸ்டர்."

"பிறகென்னத்துக்கு உந்த வரி?"

"வரி இருந்தால் இன்னும் வடிவாய் நம்புவன்."

என் தலைமை மேசன் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஐயர் குறுக்கிட்டார்.

"சண்டையைப் பிறகு பிடியுங்கோ. இன்னும் ஏழு நிமிசம்தான் கிடக்கு."

நிலையை வைத்தோம். என் ஆயுளில் அவ்வளவு எரிச்சலோடு தூக்குக்குண்டு பிடித்ததில்லை. நல்ல நேரத்தில் காசுக்கதையைத் தொடங்கியது மாஸ்டர், தரித்திரத்தைக் கூப்பிட்ட பெயர் மட்டும் எனக்கு. வந்திருந்த சனம் என்னைப் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது.

வங்கியிலிருந்து வந்தது ஓர் இளம் பெண். அத்திவாரத்தைச் சுற்றி நடந்தாள், அளந்தாள், படம் எடுத்தாள். கடிதத்தை வாசித்தாள். இது சரிவராது, வேறு எழுதித் தாருங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப உங்களுக்கு இன்னும் காசு வரேல்லையோ அண்ணா?"

"இல்லைப் பிள்ளை."

"பரவாயில்லை. மாஸ்டர் சம்மதிச்சு ஒரு கடிதம் தந்தால் இந்தப் பகுதிக் காசை நேரை உங்கடை கணக்குக்கே போடலாம்."

பந்தலுக்குள் பலகாரத்தட்டோடு நின்ற மாஸ்டரின் மனைவி வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"அப்ப கலியாண மண்டபத்துக்கு அட்வான்ஸ்?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். முதலில் மண்டபம், பிறகு நகை, பிறகு நான் என்று ஒரு வரிசை அவர் தலைக்குள் இருந்திருக்கும். அந்த வரிசையில் என் ஐந்து ஆட்கள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வங்கிப் பெண் கேட்ட சம்மதக் கடிதத்தை எழுத மாஸ்டருக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் போனேன். ஒருநாள் தடிமன், மூக்கு ஒழுகுது என்றார். ஒருநாள் அட்டமி என்றார். ஒருநாள் வீட்டில் வெள்ளைத் தாள் இல்லை என்றார், முப்பது வருசம் படிப்பித்தவர்! நானே கடையில் தாள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றைக்கு எழுதினார்.

காசு கணக்கில் விழுந்ததும் கூலியையும் கடைக் கடனையும் கொடுத்தேன். பிறகுதான் இரண்டாவது கடிதத்தை எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வைத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அத்திவாரத்துக்கான முழுக் காசும் கிடைத்துவிட்டது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

"இனி உமக்குத் திருப்திதானே?"

"ஓம் மாஸ்டர்."

சுவர் எழும்பியது. அந்தக் காசும் அதே இரண்டு கடிதத்தில் முறையாக வந்தது. இனி எனக்கு என்ன பயம் என்று இருந்தேன். போன கிழமை கூரைக்கு ஓடு போட்டு முடித்து முதல் கடிதத்தைக் கொண்டுபோனேன். மாஸ்டர் சந்தோசமாகக் கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணீரும் வந்தது. பிறகு அவருடைய அழகான கையெழுத்தில் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அவர் வங்கிக்குக் கொடுக்கப்போகிற சம்மதக் கடிதம். கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

'மாரி மழை பெய்து கூரை ஒழுகாவிட்டால் மட்டும் இச்சம்மதம் செல்லும். ஒழுகினால் செல்லாது.'

"மழைக்கு இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு மாஸ்டர்! என்ரை ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது? என்னை நம்பேல்லையோ?"

"நம்பிறன் தம்பி," என்றார் மாஸ்டர். "வரி இருந்தால் இன்னும் வடிவாய் நம்புவன்."