நாளா, உப்பா?

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், படூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியல் வேலைக்குச் சேர்ந்தேன். உப்புத் தண்ணீரைத் தாங்கும்போது நெற்பயிரின் எந்த ஜீன்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்கிப்போகின்றன என்பதுதான் கேள்வி. சாதாரணச் செடி ஆறு, உப்புச் செடி ஆறு. ஒவ்வொரு செடியின் இலையையும் அரைத்துப் பிரித்தெடுத்ததை ஒரு கண்ணாடிச் சில்லில் இட்டு, அதிலுள்ள, ஜீனுக்கு ஒன்றான பல்லாயிரம் புள்ளிகளின் வெளிச்சத்தை எண்களாக என்னிடம் தந்தார்கள்.

அத்தனை ஜீன்களைச் சோதித்தால் தற்செயலாகவே நூற்றுக்கணக்கில் 'மாற்றம்' தெரியும். அதற்காக வரம்பை இறுக்கினேன். அப்படியும் ஏறக்குறையப் பாதி ஜீன்கள் தேறின. தலைமை விஞ்ஞானி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு உறுத்தியது. உப்புக்கா இவ்வளவு மாற்றம்?

இலை அரைக்கும் உதவியாளர் படாளத்துக்காரர். அவரிடம் கேட்டேன்.

"சாதா செடிய முதல்ல முடிச்சிட்டோம்மா. உப்புச் செடி அடுத்த வாரம். நடுவுல இலைல ஊத்தி அரைக்கிற மருந்து தீந்துபூட்ச்சி, புது டப்பா வந்தப்பறந்தான் செஞ்சோம். இன்னாம்மா, எதுனா தப்பா?"

அவர்மேல் தப்பே இல்லை. யாரும் அவரிடம் செடிகளைக் கலந்து செய்யச் சொல்லவில்லை. என்னையும் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

விஞ்ஞானியிடம் ஓடினேன்.

"கணக்குல சரி பண்ணிடும்மா. அதுக்குத்தானே உன்ன வெச்சிருக்கோம்?"

"முடியாது சார். ஒரு நாள் முழுக்க சாதா, இன்னொரு நாள் முழுக்க உப்பு. மாத்தினது நாளா, உப்பான்னு எந்தக் கணக்காலயும் பிரிக்க முடியாது."

"மகாபலிபுரம் மீட்டிங்குக்கு நம்ம முடிவப் போட்டு போஸ்டர் அடிச்சாச்சு."

பிடிவாதமாக, ஃப்ரீஸரில் மிச்சமிருந்த சாதாரண இலைகளைப் புது டப்பா மருந்தில் செய்யச் சொன்னேன். பழைய சாதாரணத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசமே வரக்கூடாது. வந்தது. பட்டியலில் இருந்த அதே ஜீன்கள், வரிசையாக. விஞ்ஞானியிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கடற்கரை ஓட்டலில் அந்த போஸ்டர் அருகே என்னைத்தான் நிற்க வைத்தார். ஒரு பெரியவர் வந்து நிதானமாகக் கேட்டார்: "ரெண்டு வகைச் செடியையும் ஒரே நாள்லயா செஞ்சீங்க?"

"இல்லை" என்றேன். பக்கத்தில் நின்ற எங்கள் விஞ்ஞானியின் முகம் சுருங்கிப்போனது. திரும்பும் வழியில், கோவளம் தாண்டியதும், "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

தெரிந்ததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எரிச்சலில் அழுகை முட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த பயிரில் இரண்டு வகையையும் ஒவ்வொரு நாளும் பாதிப்பாதியாகக் கலந்து செய்தோம். தேறியது ஒன்பது ஜீன்கள். நான் நம்பிய முதல் பட்டியல் அது. "இவ்ளோதானா?" என்று விஞ்ஞானி தாளைத் திருப்பித் தந்தார். அந்த வருடமே வேறு வேலை தேடிக்கொண்டேன்.