தாய்லாந்துக் கல்

அந்த முழுப்பரீட்சை விடுமுறையில் நடந்தவை, வரிசைப்படி:

1. பாங்காக்கில் ஓட்டல் சமையல்காரராக இருந்த சித்தப்பா, பெட்டிக்குள் ஒரு கனத்த வட்டக் கல்லோடு விடுப்பில் வந்து இறங்கினார்.
2. மணமேல்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டு, அந்தக் கல்லில் தாய்லாந்துப் பலகாரம் ஒன்றைச் சுட ஆரம்பித்தார்.
3. அதைப் பிசகாமல் மடிக்க நான் கற்றுக்கொண்டேன்.
4. கல்லை அத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றுக்குப் பிறகு நான்கு எப்படி வரும் என்பதுதான் அப்போது என் கேள்வி.

பலகாரம் பார்ப்பதற்கு உள்ளங்கை அகலத் தோசை. அரிசி மாவையும் பாசிப்பயற்று மாவையும் கலந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்துத் தெளியவைத்த தண்ணீர் விட்டுக் கரைப்பார். மொறுமொறுப்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்பார். கல்லில் மெல்லிசாக இழுத்து, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்த நுரையைத் தடவி, மேலே தேங்காய்ப்பூ தூவுவார். காரம் கேட்பவர்களுக்கு மிளகு போட்டு வதக்கிய இறால். ஓரம் சிவந்து கல்லை விட்டு எழும்பும்போது இரண்டாக மடித்துவிட வேண்டும். முந்தினால் துவளும், பிந்தினால் உடையும்.

முதல் நாள் வாங்கிய ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்னி கெடையாதா தம்பி?" என்றார்.

"உள்ளயே வச்சிருக்குண்ணே" என்றார் சித்தப்பா.

அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து அத்தையோடு தினமும் பஸ்ஸில் வந்துவிடுவாள். மாமா போன விசைப்படகு எல்லை தாண்டியதாகச் சொல்லி, படகோடு அவரையும் இலங்கையில் பிடித்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைச் சாக்கிட்டு எங்கள் வீட்டில் அவளுக்கு எல்லாவற்றிலும் முதல் பங்கு கிடைத்தது என்பதுதான்.

மடிப்பில் மட்டும் அவளால் என்னை நெருங்க முடியவில்லை. அவள் உடைத்தவை ஒரு தட்டில் சேரும். அவற்றைத் தின்பதில் எனக்குத் தனி ருசி இருந்தது.

"எப்புடிடீ ஒனக்கு மட்டும் ஒடைய மாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதெல்லாம் கைவாகு" என்றேன்.

சித்தப்பா கல்லை இங்கேயே விட்டுப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் வீட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவைத்தேன். விடுப்பில் வந்த மனிதர் எதற்காக மெனக்கெட்டு வண்டி போடுகிறார் என்று யோசிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், கல்லைத் துடைத்து எண்ணெய் தடவித் துண்டில் சுற்றினார். நேராகக் கொண்டுபோய் ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் அத்தை மகளின் மடியில் வைத்தார். வண்டியை நாளைக்கு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதாக அத்தையிடம் சொன்னார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கையசைத்தேன். அவள் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்தபடி இருந்தாள், பதிலுக்குக் கையசைக்கவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் என் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். யாருடையது உடைந்தது, யாருடையது உடையவில்லை, யார் முதலில் கற்றுக்கொண்டது. கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்ட அம்மா ஒன்றுதான் சொன்னாள்.

"ஒனக்கு அப்பா வீட்டுல இருக்காருல்ல."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ராத்திரி முழுக்கக் குமைந்தேன். அப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

மாமா அடுத்த வருடம் திரும்பி வந்தார். படகு வரவில்லை. இப்போது நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அத்தை மகள் ஜெகதாப்பட்டினத்தில் கடை வைத்திருக்கிறாள். இறால் வைத்ததுதான் அங்கே முதலில் தீர்ந்துபோகிறது. போகும்போதெல்லாம் நானும் நாலைந்து மடித்துப் பார்ப்பேன்.

மடிப்பு இன்றைக்கும் எனக்குத்தான் சுத்தம். கல் அவளுடையது.