பின்சக்கரத்துக் கட்டை

அந்த வேப்பங்கட்டை ஒரு முழம்கூட இருக்காது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். மாமா, அதாவது என் மாமனார், தன் அம்பாசிடரை எங்கே நிறுத்தினாலும் திரும்பி என்னைப் பார்ப்பார். "கட்டைய போடும்மா." ஹேண்ட் பிரேக் எந்தக் காலத்திலோ பிடிப்பு விட்டிருந்தது. மாற்றச் சொன்னால், "கட்டை இருக்கும்போது பிரேக் எதுக்கு?" என்று சிரிப்பார். நான் இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பேன். கல்யாணமாகித் தாம்பரம் வந்த நாளிலிருந்து அது என் வேலை. நான் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி, அதனால் மறக்க மாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மாமா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம், கல்யாண ஊர்வலங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிற ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கணவருக்கு இரண்டு மனசு. அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்த மகனோ, "தாத்தா வண்டிய வித்தீங்கன்னா நான் வீட்லயே பேச மாட்டேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வித்துத் தொலைங்க என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். அவன் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "அப்படி என்ன பயம் உனக்கு?" என்று கணவர் கேட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை.

அந்தப் பயத்துக்குப் பதினாலு வயசு. மகனுக்கு அப்போது நாலு வயது. வண்டிக்குப் பூஜை போட மாமா எங்களைக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மலைப்பாதைச் சரிவில் வண்டி மேல்நோக்கி நின்றது. கட்டை போட்டாயிற்று, பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தான். குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி அதன்மேல் ஏறி நசுக்கிப் போக வேண்டும், அதுதான் முறை. மாமா திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வந்து ஏறியதும் கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே, நான் குனிந்து கட்டையை உருவினேன்.

வண்டி முன்னால் போகவில்லை. என்னை உரசிக்கொண்டு பின்னால் போனது. எலுமிச்சம்பழங்கள் முழுசாக அங்கேயே கிடந்தன. மாமா வேட்டி தடுக்க ஓடினார். கதவைப் பிடித்துத் தொங்கினார், வண்டி நிற்கவில்லை. கண்ணாடி வழியாகப் பிள்ளையின் தலை மட்டும் தெரிந்தது. நான் கையில் கட்டையோடு நின்றேன். கைப்பிடிச் சுவரில் மோதி வண்டி நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் பள்ளம். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கணவர் கேட்பதற்கு முன்பே மாமா சொல்லிவிட்டார். "நான்தாம்பா ஞாபகமில்லாம கட்டைய எடுத்துட்டேன். வயசாயிடுச்சு." கணவர் கத்தினார். "இனிமே புள்ளைய வண்டியில ஏத்தாதீங்கப்பா." மாமா தலையாட்டினார். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கணவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம், பிறகு இவ்வளவு நாள் சொல்லாததற்குக் கோபிப்பாரோ என்ற பயம். அதற்குப் பிறகு மாமா ஒவ்வொரு கிருத்திகைக்கும் தனியாகத்தான் குன்றத்தூர் போய்வந்தார். கட்டையையும் அவரே போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மகன் வண்டியைக் கடைசியாக ஒருமுறை கழுவிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய், அன்றைக்குக் குன்றத்தூரில் கட்டையை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தான்.

"அப்போ நான் ஓட்டலியா?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டீயரிங்க திருப்பினேம்மா. வண்டி போச்சு. நான்தான் ஓட்டினேன்னு இத்தனை நாளா நெனச்சுகிட்டிருக்கேன். தாத்தாவும், 'நீதான்டா ஓட்டினே, யாருகிட்டயும் சொல்லாதே'ன்னாரு."

என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாகப் பயந்த நிமிஷம், என் பிள்ளை பொத்திப் பொத்தி வைத்திருந்த சந்தோஷமாக இருந்திருக்கிறது. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். கணவரிடமும் அன்றே சொன்னேன். அவர் திட்டவில்லை. மாமா படத்துக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றார். பிறகு வாங்க வந்தவருக்கு போன் செய்து, வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை.

புது ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று. போன கிருத்திகைக்கு மகன் ஓட்ட, பக்கத்தில் கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தபடி குன்றத்தூர் போனேன். அதே சரிவில் நிறுத்தினான். அவன் இன்ஜினை அணைப்பதற்குள் இறங்கி ஓடி, பின்சக்கரத்தில் கட்டையை வைத்தேன்.

"அம்மா, பிரேக் நல்லா பிடிக்குதும்மா."

"பிடிக்கட்டும்."

"கோயிலுக்கு வரலியா?"

"நீ போய்ட்டு வா" என்றேன். அவன் கும்பிட்டுத் திரும்பும்வரை கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.