நான் கொடுத்துவிட்ட தம்பி

என் தம்பியை ஆண்டவருக்குக் கொடுத்தவள் நான்தான் என்று எட்டு வயதில் உறுதியாக நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். அப்படி நம்ப என்னிடம் சரியான காரணம் இருந்தது.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களானது மூன்று குடும்பங்கள்தான். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. தேசத்தை ஆள்வது வெள்ளைக்காரன் என்பதையே, வேதம் சொல்ல மலையேறி வந்த உபதேசியார்தான் எங்களுக்குச் சொன்னார். சாமி மாறினாலும் வீட்டு வழக்கங்கள் மாறவில்லை. அதில் ஒன்று, ஆட்டுக்குட்டியையோ கோழியையோ ஒரு பிள்ளையின் பேரில் விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லாமல் அதை யாரும் கொண்டுபோகக் கூடாது. அப்பாவானாலும் கூடாது.

என் பேரில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி இருந்தது. வளர்ப்புக்கு வேண்டும் என்று கேட்டுப் பெரியப்பா வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, “ஏங்கண்ணு, உங்குட்டிய நாங்கொண்டு போகட்டுமா?” என்றார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அந்தப் பெருமையில் பெரிய மனுஷி மாதிரி “கொண்டு போங்க” என்றுவிட்டேன். கயிறு கைமாறிய பிறகுதான் அழுகை வந்தது. சொன்னால் சொன்னதுதான் என்று அப்பா முடித்துவிட்டார்.

தம்பியும் என் பேரில்தான் இருந்தான். பிறந்த அன்றே, “இவன் உனக்குத்தான், சாமி” என்று அம்மா அவனை என் மடியில் வைத்தாள். சாமைக்காட்டில் அவள் களை எடுக்கும்போது அவன் என் இடுப்பில் இருப்பான். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இழுத்து இழுத்து என் காது சிவந்து கிடக்கும். அவன் மேல் எனக்கு உயிர்.

ஒன்றரை வயதில் அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. உபதேசியார் கொடுத்த கசப்பு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். துப்பிவிட்டான். மூன்றாம் நாள் அவரே வந்து எங்களை முழங்காலில் நிற்கவைத்தார். மாலை ஜெபம் என்று எங்களுக்காக அவர் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார். எங்களிடம் இருப்பதெல்லாம் உம்முடையது ஆண்டவரே, உமது சித்தப்படியே ஆகட்டும் என்று அது முடியும். அந்த வாரம்தான் அதை முழுசாக மனப்பாடம் செய்திருந்தேன். உபதேசியார் மெச்ச வேண்டும் என்று, எல்லாரையும் முந்திக்கொண்டு கடைசி வரியை நான்தான் சத்தமாகச் சொன்னேன். அவரும் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் காலைக் கஞ்சி ஆறுவதற்குள் தம்பி போய்விட்டான்.

பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “கும்புட்ட சாமிய உட்டுப்போட்டுப் போனா அது சும்மா இருக்குமா?” என்று கேட்டாள். அப்பா குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி முடித்ததும் “ஆண்டவரு சித்தம்” என்று மட்டும் சொன்னார். அவர்கள் பழியை ஆளுக்கு ஒரு சாமியின் மேல் போடுகிறார்கள். கொண்டு போங்க என்று சொன்னது நானல்லவா?

யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாலை ஜெபத்தில் அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன். வீட்டில் இன்னும் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார். இன்னொரு தடவை சொல்லி அவர்களையும் கொடுத்துவிட நான் தயாராக இல்லை. என் மௌனம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டே பழகிய தொண்டை அப்பாவுடையது. ஆண்டவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மிளகு மூட்டையோடு அப்பா அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கிப் போன ஒரு நாள், ஜெபத்துக்கு நானும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்தோம். அம்மா மெதுவாகச் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். கடைசி வரி வந்தது. நான் உதட்டை மூடினேன். அம்மாவின் குரலும் நின்றது. கண்ணைத் திறந்தால், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங் கண்ணு, ஏன் நிறுத்திப்போட்டே?”

பயத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. “தம்பிய நாந்தாம்மா குடுத்துப்போட்டேன். எம்பேர்ல இருந்தவன. நாஞ்சொன்னதுனாலதான் எடுத்துக்கிட்டாரு.”

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “இல்ல சாமி. அவரு உங்கிட்டக் கேக்கல. பெத்த எங்கிட்டயே கேக்கல.” என் தலையைக் கோதிவிட்டாள். பிறகு, “ஏன் எடுத்தாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல. ஆனா அவருகிட்டத்தான் அவன் இருக்கான். வேற யாரு கையில நான் அவன உடுவேன்?” என்றாள்.

என் மேல் பழி இல்லை என்பது மட்டும்தான் எனக்கு எட்டியது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. பசிகூட எடுத்தது.

அம்மா கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து அந்த வரியைச் சொன்னாள். எத்தனையோ மாலைகள் சொன்ன வரியை, புதிதாகப் படிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இரண்டு முறை நின்று சொன்னாள். அம்மாவுக்கு ஜெபம் மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு, அடுத்த சொல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி வலித்தது. ஏன் இப்படி இறுக்குகிறாள் என்று புரியாமல், கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன்.