ஒன்று என்று எழுதியவள்

மீன் விஷயத்தில் மகேஸ்வரியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும். தேவனாம்பட்டினத்தில் கூடை ஏலத்துக்கு வந்ததும் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நேற்றைய மீன் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அவளிடம் வாங்குகிறவர்கள் மீனைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தத் தைரியத்தில்தான், சிதம்பரத்துப் பல் ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் ஒன்று என்று எழுதினாள். உங்கள் குழந்தைக்கு எத்தனை சொத்தைப் பற்கள் என்பது கேள்வி. நாலு வயது கனிமொழிக்குக் கன்னம் வீங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. வீங்கின பக்கம் ஒரு பல், அவ்வளவுதானே. பெற்றவளுக்குத் தெரியாதா என்ன.

டாக்டர் ஸ்ரீமதி சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு எண்ணினார். ஏழில் வந்து நின்றார்.

"கறுப்பா இருக்கறதெல்லாம் டானிக் கறைங்க" என்றாள் மகேஸ்வரி. "ரத்தம் கம்மின்னு இரும்பு டானிக் குடுத்தாங்க, ஆறு மாசமா ஊத்துறேன்."

"கறைன்னா மேலாப்புல இருக்கும்மா. இது குழி. நீங்களே பாருங்க."

மகேஸ்வரி குனிந்து பார்த்தாள். நாலு வருஷத்தில் அந்த வாயை அவள் இப்படித் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் குடைந்து கிடந்தன.

"சாப்பிடறப்ப எப்படி?"

"சோத்த மெல்லவே மாட்டா. கன்னத்துல அடக்கி வெச்சிக்கினு அரை மணி நேரம் உக்காந்திருப்பா. அழுத்தம் ஜாஸ்தி..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது.

காலையில் மார்க்கெட்டுக்கு நேரமாகும், பஸ் போய்விடும். அந்த அவசரத்தில், முழுங்குடி என்று அந்தக் கன்னத்திலேயே அடித்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. எந்தப் பக்கம் அடித்தோம் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எங்க வலிக்குது கண்ணு? காட்டு பாக்கலாம்" என்றார் டாக்டர்.

கனிமொழி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"வலிக்கல" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, "சீக்கிரம் முழுங்கிடுறேம்மா" என்றாள்.

மகேஸ்வரி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதுன்னு சொல்லுடி. அம்மா இனிமே அடிக்க மாட்டேன்."

அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.